பின்கட்டுப் பத்தாயம்

அம்மா வீட்டில் இருந்த பத்து நாளும் நிலோஃபர் ஒரு தடவைகூட இருமவில்லை. ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டிய அன்றைக்கே நெஞ்சுக்குள் அந்தப் பழைய அரிப்பு எழுந்தது. மஃரிப் பாங்கு சொல்வதற்குள் உடம்பு கொதித்தது.

குடிவந்து நாலு மாதம். இரண்டு மாதமாக இப்படித்தான். சளியைச் சோதித்தார்கள், டிபி இல்லை. எக்ஸ்ரேயில் மட்டும் இரண்டு நுரையீரலிலும் பனி இறங்கியது போல ஒரு வெண்மை. எத்தனை மாத்திரை மாற்றியும் கலையவில்லை.

கணவன் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில். வீட்டில் துணைக்கு இருந்தது அவனுடைய அக்கா பாத்திமா மட்டும்தான். வீட்டை எதற்குப் பொண்டாட்டி பெயரில் வாங்கினாய் என்று தம்பியிடம் போனில் கேட்டவள். தினமும் ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு குடிக்கிறேன் என்று வாங்கிவைத்துக்கொண்டு, நிலோஃபர் கஷாயத்தை வாழைக்கு ஊற்றத் தொடங்கினாள். சோற்றைத் தானே பொங்கினாள். மதியங்களில் கட்டிலில் படுத்தபடி, பாத்திமாவின் காலடி அடுப்படியிலிருந்து பின்கட்டுக்குப் போவதையும், அங்கே நெடுநேரம் ஒரு சத்தமும் எழாமல் இருப்பதையும், ஈர வைக்கோலும் புளித்த மாவும் கலந்தது போன்ற ஒரு வாடை நடை வழியே ஊர்ந்து வந்து தன் தலையணையில் தங்குவதையும் கவனித்துக்கொண்டே இருந்தாள். இருமல் குறையவில்லை.

தஞ்சாவூரில் டாக்டர் தியாகேசன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா வீட்டுக்குப் போனா சரியாயிடுது, இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப உங்க வீட்டுலதாம்மா ஏதோ இருக்கு. புறா வளர்க்கிறீங்களா? வைக்கோலு, பூசணம் புடிச்ச நெல்லு, அந்த மாதிரி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

பின்கட்டில் பத்தாயம் இருந்தது. வீட்டை விற்ற வெங்கடசுப்ரமணியன் மெட்ராஸுக்குக் குடிபோனபோது எல்லாச் சாமானையும் லாரியில் ஏற்றினார். நெல் கொட்டி வைக்கும் அந்த ஆளுயர மரப்பெட்டி மட்டும் வாசலில் நுழையாமல் நின்றுவிட்டது. காலி என்றுதான் சொன்னார்.

வீடு திரும்பியதும் நேரே அங்கே போனாள். பாத்திமா பத்தாயத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, இதைத் தொறக்கணும். டாக்டர் கேட்டாரு."

"அதுல ஒண்ணுமில்ல."

"நீங்க பாத்தீங்களா?"

பாத்திமா தரையைப் பார்த்தாள். "என்னைத் தப்பா நெனச்சுக்க, பரவாயில்ல. தொறக்காத. கஷாயத்தக் குடி, நெஞ்சு தாங்கும். நான் இப்படி சாஞ்சு உக்காந்தா அது கொஞ்சம் அடங்குது."

"எது?"

பாத்திமா முதுகை இன்னும் அழுத்திச் சாய்த்தாள்.

நிலோஃபர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பாத்திமா அவள் சேலையைப் பிடித்தாள். நிலோஃபர் உதறிவிட்டு மூடிப்பலகையைத் தூக்கினாள்.

வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே நெல். விளிம்பு வரை. அதன்மேல் சாம்பல் நிறப் பூசணம், ஆட்டுத்தோல் போலத் தடித்து.

டாக்டர் சொன்னது சரிதான். இவ்வளவுதானா? நிம்மதியாகக்கூட இருந்தது. ஆள் விட்டு அள்ளிக் கொட்டிவிட்டால் போதும்.

கையை வைத்தாள்.

சுட்டது. காய்ச்சல்காரரின் நெற்றி போல.

கைக்கு அடியில் பூசணம் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

அங்கே ஜன்னல் இல்லை. காற்று இல்லை.

மறுபடி உயர்ந்தது. நடுவில் இரண்டு சின்னத் துளைகள். ஓரத்தில் கிடந்த உமி அவற்றை நோக்கி நகர்ந்தது. உள்ளே போனது. தூசியாக வெளியே வந்தது.

நிலோஃபர் மூச்சை அடக்கினாள்.

பூசணமும் நின்றது. உயரவில்லை. தாழவில்லை. அவள் மூச்சு விடுவதற்காக அது காத்திருந்தது.