கழுத்து வரை நிரம்பிய அத்தர்

சத்துவாச்சாரியில் மே மாத மத்தியானத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர். இன்னொன்று, வேறு போக்கிடம் இல்லாதவர். சிலிண்டர் காலையிலேயே வந்துவிட்டது. ஆகவே துரைசாமி பெருமூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

வெளியே முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். டியூட்டி முடிந்து நேராக பஸ் ஏறியவளின் முகம். கையில் சின்னத் துணிப்பை.

"சார், நான் அக்சா. ஆம்பூர்ல நர்ஸா இருக்கேன். என் வேலை போகப் போகுது. நாளைக்குக் காலையில விசாரணை."

துரைசாமி முன்பு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். தோல் தொழிற்சாலையில் தீப்பிடித்தால் அது எதனால் பிடித்தது என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஊரார் தங்கள் வீட்டுச் சாம்பலை அவரிடம் கொண்டு வருகிறார்கள். மனிதருக்கு அதில் ஆசை கிடையாது. முட்டி வலி, வெயில், பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த அலுப்பு எல்லாம் சேர்ந்து அவரைப் போட்டு வாட்டின. ஆனால் இல்லை என்று சொல்லவும் தெரியாது.

ஆசையெல்லாம் பக்கத்து வீட்டு முனிரத்தினத்துக்குத்தான். ஜோலார்பேட்டையில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். துரைசாமியைவிட மூத்தவர், துள்ளலில் பாதி வயது. இந்த வீட்டில் பேப்பர் படிக்கிற சாக்கில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர், நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னாம்மா, யார் மேல சந்தேகம்?" என்றார். இன்னும் என்ன நடந்தது என்றே கேட்கவில்லை.

அக்சா சொன்னாள். வீட்டிலேயே வாசனைத் தைலம் கலப்பது அவளுடைய பொழுதுபோக்கு. வெட்டிவேர், லாவெண்டர், ஜெரேனியம் என்று வாசனை எண்ணெய்களை வாங்கி, பாதாம் எண்ணெயில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சில வாரங்கள் அலமாரியில் ஊற வைப்பாள். தெருவில் குடியிருக்கும் ஹலீமா பீ தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு பெரிய புட்டி கேட்டிருந்தார். வருகிறவர்கள் கையில் தடவும் அத்தர். ஒரே நிபந்தனை, அதில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் கூடாது.

"எண்ணெயிலதான் சார் செஞ்சேன். நான் எப்பவுமே ஸ்பிரிட் சேக்கறதில்ல. ஆனா மண்டபத்துல தடவினவங்களுக்குக் கை சுர்ருனு எரிஞ்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டம்மா நாலு பேர் நடுவுல 'இது சாராயம்'னு சொல்லிட்டாங்க. என்கூட வேலை செய்யற சௌந்தர்யாவும் அங்க இருந்தா. 'ஆமா, ஸ்பிரிட் மாதிரிதான் இருக்கு'ன்னு அவளும் சொல்லிட்டா. பேச்சு ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் வார்டு ஸ்பிரிட்டைத் திருடி சென்ட் செய்யறேன்னு ஆயிடுச்சு."

"புட்டியைக் கொண்டு போய்க் கொடுத்தது யார்?"

"எங்க வீட்டுக்காரர். எனக்கு டியூட்டி இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி நீங்க மோந்து பார்த்தீங்களா?"

"முந்தின நாள் பாத்தேன் சார். அருமையா இருந்துச்சு. அவர்கிட்டயும் காட்டினேன். எதைக் கலந்தாலும் முதல்ல அவருக்குத்தான் காட்டுவேன். நல்லா இருக்குன்னாரு. அவர் எப்பவும் அதைத்தான் சொல்வாரு. ஒரு தடவை கூடக் குறை சொன்னதில்ல." அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் முகத்தில் களைப்பு கொஞ்சம் விலகியது.

பையிலிருந்து அதே கலவையில் தனக்கென்று எடுத்து வைத்த சின்னப் புட்டியை நீட்டினாள். துரைசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் குறைச்சலா இருக்கு? உபயோகிச்சீங்களா?"

"இல்ல சார். எந்தப் புட்டியிலும் கால் பங்கு காலியா விடுவேன். ஊறும்போது தினமும் குலுக்கணும். நிறைச்சிட்டா குலுங்காது."

துரைசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். வழியில் மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் ஸ்பிரிட்டும் ஒரு பொட்டலம் பஞ்சும் வாங்கினார். முனிரத்தினம் காரணம் கேட்டார். துரைசாமி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆம்பூர் பஸ்ஸில் மூன்று பேரும் வேர்த்து நனைந்தார்கள்.

ஹலீமா பீ வருத்தத்தில் இருந்தார். அக்சாவைப் பார்த்ததும் கோபமும் பாசமும் ஒன்றாக வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

"இந்தப் பொண்ணு அப்படிச் செய்யாதுன்னு என் மனசு சொல்லுது, சாப். ஆனா என் மூக்கே சாட்சியா நிக்குதே. சம்பந்தி வீட்ல இன்னும் அதையே பேசிக்கிட்டு இருக்காங்க. ரொம்ப பேஜாராப் போச்சு."

புட்டி வந்தபோது இருந்த தெர்மாகோல் பெட்டியிலேயே கிடந்தது. கொஞ்சம்தான் செலவாகியிருந்தது.

"வந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்று துரைசாமி கேட்டார்.

"கழுத்து வரைக்கும். தெறக்கறப்பவே என் கையில வழிஞ்சுது. குறையில்லாம குடுத்திருக்கான்னு சந்தோஷப்பட்டேன்."

முனிரத்தினம் மூடியைத் திறந்து மோந்தார், முகத்தைச் சுளித்தார். துரைசாமி புட்டியை அசைக்காமல் சற்று நேரம் பார்த்தார். உள்ளே எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே தெளிவாக இருந்தது. பிறகு பெட்டியின் அடியை விரலால் தடவினார். புட்டி நின்ற இடத்தில் தெர்மாகோல் கரைந்து குழி விழுந்திருந்தது.

"அக்சா இங்கேயே இருக்கட்டும். சௌந்தர்யாவுக்கு போன் பண்ணி வரச் சொல்லுங்க. நாங்க அவங்க வீட்டுக்காரரைப் பார்த்துட்டு வர்றோம்," என்றார்.

அதே தெருவின் கோடியில் அக்சாவின் வீடு. "சௌந்தர்யாதான், துரை சார். பொறாமை," என்று நடந்துகொண்டே முனிரத்தினம் தீர்ப்பு எழுதிவிட்டார். "டிக்கெட் இல்லாத மூஞ்சியை நான் பார்த்தாலே சொல்லிடுவேன்."

"அந்தப் பொண்ணு மூஞ்சியை நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே, அண்ணா."

அக்சாவின் கணவர் இன்பசேகரன் கதவைத் திறந்தார். தோல் தொழிற்சாலையில் பினிஷிங் செக்‌ஷன்காரர். தோலுக்கு மெருகு ஏற்ற லாக்கர் ஸ்ப்ரே அடிப்பவர். உயரமான, அமைதியான ஆள். உட்காரச் சொல்லிவிட்டு டீ வைத்தார். முன் அறையில் அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார். அடுக்களையிலிருந்து பால் அடிபிடிக்கும் நாற்றம் வந்து அறையெல்லாம் நிறைந்தது. முனிரத்தினம் இருமிக் காட்டினார். இன்பசேகரன் தன் பாட்டுக்குப் பேசினார். பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்.

டீ வந்தது. முனிரத்தினம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், மறுபடி தொடவில்லை. இன்பசேகரன் தன் டம்ளரைக் கடைசி வரை குடித்தார்.

கை கழுவுகிறேன் என்று துரைசாமி பின்பக்கம் போனார். குழாயடியில் சோப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவும் கறை படிந்த துணியும் இருந்தன. டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"லாக்கர் கையில ஒட்டினா போகாது சார், அதைத் துடைக்க," என்றார் பின்னாலேயே வந்த இன்பசேகரன். குரல் லேசாக இறங்கியிருந்தது.

"நீங்களும் கொஞ்சம் ஹலீமா பீ வீட்டுக்கு வாங்க," என்றார் துரைசாமி. திரும்பும் வழியில் அவர் எல்லாருக்கும் பின்னால் நடந்தார். நாலு வார்த்தையில் ஒரு குடும்பம் உடையும் என்று தெரிந்தால் யாருக்குத்தான் நடக்கக் கால் வரும்?

ஹலீமா பீ வீட்டுக் கூடத்தில் சௌந்தர்யா வந்து உட்கார்ந்திருந்தாள். அக்சாவைப் பார்க்கவில்லை.

துரைசாமி ஒரு கண்ணாடி டம்ளரில் அக்சாவின் சின்னப் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றி, அதில் கடை ஸ்பிரிட்டைச் சேர்த்துக் கலக்கி வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் தனியாகவும் ஸ்பிரிட் தனியாகவும் பிரிந்து நின்றன.

"ஆஸ்பத்திரி ஸ்பிரிட்ல தண்ணி இருக்கு. எண்ணெயோட ஒட்டாது. கல்யாணத்துக்கு வந்த புட்டியைப் பாருங்க, கோடு இல்லாம ஒண்ணா கிடக்கு. அதுல கலந்தது ஸ்பிரிட் இல்ல."

பிறகு மூன்று பஞ்சு உருண்டைகளை எடுத்தார். ஒன்றை ஸ்பிரிட்டில், ஒன்றை அக்சாவின் சின்னப் புட்டியில், ஒன்றைக் கல்யாணப் புட்டியில் நனைத்து, பெட்டியிலிருந்து உடைத்துத் தட்டில் பரப்பிய தெர்மாகோல் துண்டுகள் மேல் வைத்தார். முதல் இரண்டும் சும்மா இருந்தன. மூன்றாவது மெல்ல உள்ளே இறங்கியது.

"தின்னர்," என்றார். "லாக்கர்ல கலப்பாங்களே, அது. எத்தனையோ தீ விபத்துல பார்த்திருக்கேன். இந்த ஊர்ல பாதிப் பேர் சட்டையில அந்த வாசனை இருக்கு, அதனால யாருக்கும் வித்தியாசமா படல. செஞ்சது நர்ஸ்னு தெரிஞ்சதும் ஸ்பிரிட்னு மூக்கு முடிவு பண்ணிடுச்சு. சௌந்தர்யா பொய் சொல்லலம்மா. உங்களை மாட்டிவிட நினைச்சிருந்தா நிஜ ஸ்பிரிட்டையே ஊத்தியிருப்பாங்க. அது அவங்க கைக்கு எட்டற பொருள்தானே."

சௌந்தர்யா அழுதேவிட்டாள். "நான் வேணும்னு சொல்லலக்கா. கேட்டாங்க, சொன்னேன்."

"அப்ப யார்தான் ஊத்தினது?" என்று முனிரத்தினம் முன்னால் சாய்ந்தார்.

"கெடுக்க நினைச்சவர் இல்ல, அண்ணா. கெடுக்கறவர் எதுக்குக் கழுத்து வரைக்கும் நிரப்பணும்? குறைஞ்சு போனதைச் சரிக்கட்ட நினைச்ச ஒருத்தர். அக்சா கால் பங்கு காலியா விடுவாங்கன்னு கவனிக்காதவர்." துரைசாமி அங்கே நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அக்சா அவரைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். தின்னர் எங்கிருந்து வரும் என்பது அவளுக்கா தெரியாது? ஆனாலும் நம்பவில்லை. தட்டிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க எடுத்துட்டுப் போனப்ப இந்த வாசனையா அடிச்சுது? மோந்து பாத்துச் சொல்லுங்க."

துரைசாமி தடுக்க வாயெடுத்தார். அதற்குள் இன்பசேகரன் பஞ்சை மூக்கருகே கொண்டு போய் மூச்சை இழுத்துவிட்டார்.

"உன்னோடதுதானே. நல்லா இருக்கு," என்றார்.

சௌந்தர்யாதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, அது ஸ்பிரிட்."

இன்பசேகரன் பஞ்சைத் தட்டில் வைத்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"புட்டி கை தவறிடுச்சு," என்றார். "மூடி லூசா இருந்துச்சு. பாதி கொட்டிடுச்சு. நீ டியூட்டியில இருந்தே. கல்யாண வீட்ல காத்துட்டு இருந்தாங்க. ஸ்ப்ரே பூத்ல லாக்கர் கம்மியானா தின்னர் ஊத்தி மட்டம் பண்ணுவோம். அடிச்ச பிறகு தின்னர் பறந்துடும், லாக்கர் நிக்கும். அத்தரும் அப்படித்தான், வாசனை நிக்கும்னு நெனச்சேன்."

"மூடியைத் தெறந்தாலே தெரிஞ்சிருக்குமே," என்றாள் அக்சா.

"எனக்கு வாசனையே தெரியறதில்ல அக்சா. ரொம்ப நாளாச்சு."

துரைசாமி தலையைக் குனிந்துகொண்டார். இது அவருக்கு அடிபிடித்த டீயிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதரே சொல்லிக் கேட்பது வேறாக இருந்தது.

"பூத்ல நிக்கறவனுக்கு மூக்கு வேணும். லீக் ஆனா முதல்ல மூக்குக்குத்தான் தெரியும். போச்சுன்னு சொன்னா செக்‌ஷனை விட்டே எடுத்துடுவாங்க. கம்பெனி தின்னர் டப்பா வீட்டுக்கு வந்தது தெரிஞ்சா வேலையே போய்டும். அதான் வாயைத் தெறக்கல."

"என்னைத் திருடின்னு சொன்னாங்களே, அப்பவுமா?"

பதிலுக்குக் காத்திராமல் அக்சா அடுத்ததைக் கேட்டாள். அதைக் கேட்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"இத்தனை நாளா நான் கலந்து குடுத்ததுல ஒண்ணு கூட உங்களுக்குத் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியல. நீ என் மூஞ்சியையே பாத்துட்டு நிப்பே. நான் இன்னா சொல்றது?"

ஹலீமா பீ எழுந்து வந்து அக்சாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்குத் தானே போய் விஷயத்தைச் சொல்வதாகச் சொன்னார்.

"நாளைக்கு விசாரணைக்கு நான் வர்றேன்," என்றார் இன்பசேகரன்.

"வந்தா உங்க வேலை போய்டும்."

"வரலைன்னா உன் வேலை போய்டும்."

மறுநாள் காலை துரைசாமியும் முனிரத்தினமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஹலீமா பீ, சௌந்தர்யா, இன்பசேகரன் என்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இன்பசேகரன்தான் அதிக நேரம் இருந்தார். வெளியே வந்ததும் தொழிற்சாலைக்கு போன் போட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் பேசியதை நின்றபடி கேட்டுக்கொண்டார். பேசி முடித்தபோது அவருக்கு வேலை இல்லை.

அக்சா யூனிஃபார்மில் வந்தாள். அவளை வார்டுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். துரைசாமியைப் பார்த்துக் கைகூப்பினாள். சிரிப்பு வரவில்லை. இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு பேருமே தூங்கியிருக்க மாட்டார்கள்.

கணவனிடம் போய், அவர் சட்டைப்பையில் ஒரு ஓ.பி. சீட்டைச் செருகினாள்.

"காது மூக்கு தொண்டை டாக்டர், மாடியில. ஆள் ஜாஸ்தியா இருக்கும், உக்காந்திருங்க. எப்பத்திலிருந்துன்னு கேப்பாரு. சரியாச் சொல்லுங்க. அவரையாவது சந்தோஷப்படுத்தப் பாக்காதீங்க."

அவர் தலையசைத்தார். அவள் வார்டுப் பக்கம் நாலு எட்டு போனவள், திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இருங்க, நானும் வர்றேன்," என்றாள். இரண்டு பேரும் படியேறினார்கள்.