இந்த வீட்டைப் பார்க்க அனுமதி இல்லை

தடை செய்த தளத்தைத் திறந்தால் ஆபீஸ் கணினியில் சிவப்புப் பக்கம் வரும். அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். அன்று வந்தது வெள்ளைப் பக்கம். நடுவில் தமிழில் ஒரே ஒரு வரி.

'இந்த வீட்டைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

ஃபஹீமா மறுபடி படித்தாள். தளம் என்றல்லவா இருக்க வேண்டும்?

ஆனால் அவள் பார்க்க நினைத்தது வீட்டைத்தான். உக்கடத்து மாடி வீட்டில் மகள் ஹிபா காய்ச்சலோடு படுத்திருந்தாள். அலமாரிக்கு மேலே சின்னதாக ஒரு கேமரா. கணவன் அனீஸ் வால்பாறைக்கு லோடு ஏற்றிப் போனால் மலையில் போன் எடுக்காது. லீவு கிடைக்காத நாட்களுக்கென்று அவளே வாங்கி மாட்டியது. கீழ்வீட்டு உம்மல் குல்சும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம், கணினித் திரையில் பில்களுக்குப் பின்னால் ஒளித்துத் திறந்து வைக்கும் இந்தச் சின்னச் சன்னல்தான் துணை.

வெளியே சோமனூர் முழுக்க மழை இருட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கொட்டகையின் தறிச்சத்தம் சுவர் வழியாக வந்து மேசையை நடுங்க வைத்தது. ஈர நூல்மூட்டைகளின் கஞ்சிவாடை ஏசிக் காற்றோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் சசிதர் தலை நிமிராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

அவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

காலையில் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. "பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலைங்களாக்கா?" ஹிபாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவள் ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் பார்த்திருக்கிறான். அவள் வீட்டை, படுக்கையை, பிள்ளை தூங்குவதை. எத்தனை நாளாகவோ.

பக்கத்தைப் புதுப்பித்தாள். வரி மாறியிருந்தது.

'ஃபஹீமா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்.'

எழுந்து நேராகக் கண்ணாடித் தடுப்புக்குள் போனாள்.

"என்னோட பாஸ்வேர்டுல நீதான உள்ள போயிருக்கே?"

சசிதர் மிரண்டு எழுந்தான். "ஏனுங்க்கா, என்னாச்சுங்க?"

"எம் புள்ளைக்குக் காய்ச்சல்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானுங்க்கா சொன்னீங்க. காலைல மாடிப்படிகிட்ட நின்னுட்டு. புள்ளை தனியா இருக்கு, நான் போயி பக்கத்துல இருக்கோணும்னு சொன்னீங்களே."

ஃபஹீமா காலையில் மாடிப்படிப் பக்கமே வரவில்லை. பின்வாசல் வழியாகக் குடோனுக்குள் நுழைந்து வந்திருந்தாள். பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் மாட்டிக்கொண்டவனின் பயம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"எம் வீட்டு கேமராவத் தொறந்தா தமிழ்ல ஏதோ பக்கம் வருது. நீயே தொறந்து காட்டு."

"சினிமா, ஷாப்பிங் மட்டுந்தானுங்க நாம பிளாக் பண்ணியிருக்கோம். இப்படித் தமிழ்ல ஒரு பக்கம் நம்மகிட்ட இல்லவே இல்லீங்க." பேசிக்கொண்டே தன் கணினியில் எல்லாத் தடையையும் எடுத்துவிட்டான். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் முகவரியையும் பாஸ்வேர்டையும் தட்டினாள்.

படம் வந்தது.

ஹிபாவின் அறை. சன்னலுக்கு வெளியே அங்கேயும் மழை. ஹிபா ஒரு மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கட்டிலில் கேமராவுக்கு முதுகு காட்டி ஒரு பெண். பச்சைச் சுடிதார். பழுப்புத் துப்பட்டா. பிள்ளையின் தலையை மெதுவாகக் கோதிக்கொண்டிருந்தாள்.

ஃபஹீமா குனிந்து தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள். அதே பச்சை. அதே பழுப்பு.

"அக்கா, இது எப்ப எடுத்ததுங்க?" என்றான் சசிதர்.

மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைய நேரம்.

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சுவர் வரைக்கும். அவள் தொட்டுவிடக் கூடாது என்பது போல.

"ஏன் அப்படிப் பார்க்கற? நான்தான் ஃபஹீமா."

அவன் கண் திரைக்கே திரும்பியது.

அவள் மேசை போனை எடுத்தாள். ஹிபாவின் தலையணையடியில் இருக்கும் பழைய செல்லுக்கு அடித்தாள். திரையில் ஹிபா கையை நீட்டி எடுப்பது தெரிந்தது.

"ஹலோ, யாருங்க?"

"ஹிபா. கண்ணு. பக்கத்துல யாரு இருக்காங்க?"

"அம்மா இருக்காங்க. நீங்க யாருங்க?"

"நான்தான்டா அம்மா. ஆபீஸ்ல இருந்து பேசறேன்."

போனில் மழை மட்டும். திரையில் ஹிபாவின் சிறிய உடம்பு விறைத்தது. முகத்தை மெல்லத் திருப்பி, தன்னை மடியில் வைத்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா," என்றது போனில் ஒரு கிசுகிசுப்பு. "அப்ப இது யாரு?"

கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

அந்தப் பெண் திரும்பவில்லை. குனிந்தாள். செல்லைப் பிள்ளையின் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். ஃபஹீமாவின் காதில் ஃபஹீமாவின் குரலே கேட்டது.

"தூங்கு கண்ணு. அம்மா இருக்கேன்."

கை மறுபடி கோதத் தொடங்கியது. ஹிபா அசையவில்லை. கண்ணை மட்டும் கேமராவை நோக்கித் திருப்பினாள். மூடவே இல்லை.