சூடிய செண்பகம்

ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போகும் கனகலட்சுமிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பதும், மிச்ச நேரம் கட்டையைச் சாய்ப்பதும்தான். அந்த ஞாயிறு மட்டும் விடிந்ததிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கச்சி ஆனந்தவல்லியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த மனநல ஆஸ்பத்திரி. மூன்று வயது மகள் கோதை பிறந்ததிலிருந்தே தூக்கம் கெட்டு, சுவரோடு பேச ஆரம்பித்து, கடைசியில் கிணற்று மேட்டில் போய் நின்றவள் வல்லி. வைகாசியில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மருந்து பிடித்துத் தெளிந்துவிட்டாள். பட்டாளத்தில் இருக்கும் அவள் புருஷன் வேல்பாண்டி அடுத்த வாரம் லீவில் வருகிறான். வல்லி நல்லபடியாக வீட்டில் இருந்தால் பொண்டாட்டி பிள்ளையைத் தன்னோடு குவார்ட்டர்ஸுக்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். இல்லையென்றால் வேறு பெண் பார்க்க அவன் அம்மா குருவம்மாள் எப்போதோ தயார். தாயில்லாமல் வளர்ந்த தங்கச்சியின் வாழ்வும் சாவும் இந்த ஒரு வாரத்தில் இருக்கிறது என்று கனகலட்சுமிக்குத் தெரியும்.

மத்தியானமே மலைப்பக்கம் கருத்துவிட்டது. வார்டு ஆயா ரமீஜாதான் கதவைத் திறந்தாள்.

"வா கனகு. டாக்டர் வரச் செத்த நேரமாகும். உள்ள நம்ம படம் ஓடுது, உக்காந்து பாரு. ஒன் தங்கச்சியும் அங்கனதான் இருக்கா."

அந்தப் படத்துக்கு ஒரு பேர் இருந்தது. ஆனால் அங்கே யாரும் பேர் சொல்வதில்லை, 'நம்ம படம்' என்றுதான் சொல்வார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியைப் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம், இந்தக் கட்டடத்திலேயே எடுத்தது. மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் அதைப் போடுவார்கள். சந்தோஷமான கதையா என்றால் இல்லை. தங்கள் வராந்தாவும் தங்கள் ஜன்னலும் டிவியில் வருவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

ஹாலின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். பினாயில் வாடை மூக்கில் ஏறியது. பச்சை நைட்டியும் ஒட்ட வெட்டிய முடியுமாக வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேன் தொல்லைக்காக அங்கே எல்லோருக்கும் முடியை வெட்டிவிடுவது வழக்கம். முன்வரிசையில் வல்லி, மடியில் துணிப்பையோடு இருந்தாள். திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். வலது கை இடது காது மடலைப் பிடித்திருந்தது. பயமோ பரபரப்போ வந்தால் அந்தக் கை தானாக அங்கே போய்விடும். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான், வாத்தியார் கூடக் கேலி செய்வார்.

கனகலட்சுமி பின்னால் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பினாயில் வாடைக்கு மேலே செண்பகப் பூ வாசம் வந்தது.

பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சேலை கட்டியிருந்தாள். முடி பெஞ்சைத் தாண்டித் தொங்கியது. அதனால் யாரையோ பார்க்க வந்தவள் என்று கனகலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

"யாரக் கூட்டிட்டுப் போக வந்திருக்கிய?" என்று அவள் ரகசியமாகக் கேட்டாள்.

"என் தங்கச்சியத்தான். நீங்க?"

"என்னையக் கூட்டிட்டுப் போக எங்கண்ணன் வரும். படம் முடியவும் வாரேன்னு சொல்லிட்டுப் போச்சு." டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்: "படந்தான் முடிய மாட்டேங்குது."

டிவியில், நர்ஸாக நடித்த கதாநாயகி வராந்தாவில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் மொட்டைத்தலைகளும் குட்டை முடிகளுமாகப் பெண்கள் ஒரு வரிசை. ஜன்னலோரம் கடைசியில் ஒருத்திக்கு மட்டும் நீள முடி, அதில் ஒரு பூ.

"அந்தா, நானு."

கனகலட்சுமிக்கு மனசு இளகிவிட்டது. படத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இவளுக்கு முப்பது கூடத் தாண்டாது. பாவம், இப்படியும் ஒரு சீக்கு போல என்று நினைத்து, "ஆமா, நீங்கதான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

அவள் தன் தலையிலிருந்த செண்பகத்தை எடுத்து நீட்டினாள். "வீட்டுக்குப் போற பிள்ளைக்கு வச்சு விடுங்க."

வேறு ஊர்க்காரி என்றால் வாங்கியிருக்க மாட்டாள். ஒருத்தி தலையில் வைத்த பூவை இன்னொருத்தி சூடக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ள சாஸ்திரம். ஆனால் கனகலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆண்டாள் சூடிக் கழற்றிய மாலையைப் பெருமாளே கேட்டு வாங்கிய ஊரில் சூடிய பூ எச்சில் ஆகாது, பிரசாதம். கையில் கொடுத்ததை அவள் கண்ணில் ஒற்றித்தான் வாங்கினாள். வெளியே இன்னும் மழை விழவில்லை. பூ நனைந்திருந்தது.

அப்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் யாரோ 'ஓ'வென்று கத்த, யாரோ கைதட்டினார்கள். ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோது பக்கத்தில் யாருமில்லை.

டாக்டர் வந்தார், மாத்திரைகளைக் கொடுத்தார், போகலாம் என்றார். வராந்தாவில் வைத்துத் தன் தலையில் குத்தியிருந்த சிலைடு ஊசியை எடுத்து, வல்லியின் குட்டை முடியில் அந்தப் பூவைச் செருகிவிட்டாள் கனகலட்சுமி.

வல்லி உதறிக்கொண்டு விலகினாள். கை காதுக்குப் போனது. "அக்கா, இது யாரு பூ? அக்கா..."

அவ்வளவுதான்.

காதைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. "போவமா?" என்றாள், தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாக.

வாசலில் ரமீஜா மூக்கை உறிஞ்சினாள். "பூ யாரு குடுத்தா?"

"உள்ள ஒரு அக்கா. பாக்க வந்தவுக. நீள முடி."

"இன்னைக்கு ஒன்னையத் தவிர ஒரு ஆளு வரல கனகு. நாந்தான கதவத் தொறந்தேன்." ரமீஜாவின் குரல் இறங்கியது. "அத எடுத்துப் போட்டுரு."

"பூவப் போயி எறியச் சொல்லுதியளேக்கா" என்று சிரித்தாள் கனகலட்சுமி. மழை பிடித்துவிட்டது, ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ஓடி ஏறிக்கொண்டார்கள். வழி நெடுக வல்லி ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, செல்போன் டவரையும் கடை லைட்டுகளையும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு நிலைப்படியில் நின்றவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "லைட்டு எங்குட்டுப் போடணும்?" என்றாள்.

அவள் பிறந்த வீடு அது. மாத்திரையின் வேலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள் கனகலட்சுமி.

வேல்பாண்டி வந்தான். அவன் எதிர்பார்த்ததை விட எல்லாம் நன்றாகவே இருந்தது. வல்லி விடியுமுன் எழுந்து வாசல் தெளித்தாள், குழம்பு வைத்தாள், கோதையைக் குளிப்பாட்டிச் சடை பின்னினாள். குருவம்மாளே வந்து பார்த்து, "எம் மருமகளுக்கு என்ன குறை?" என்று மாற்றிப் பேசிவிட்டுப் போனாள். முடிதான் தாறுமாறாக வளர்ந்தது. மூன்று வாரத்தில் தோளைத் தாண்டிவிட்டது. என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அந்தச் செண்பகம் வாடவும் இல்லை, அவள் அதைக் கழற்றவும் இல்லை. கோதை மட்டும் படுக்கும்போது பெரியம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டு, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டது. கனகலட்சுமி பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். இத்தனை நாளில் வல்லியின் கை ஒரு தடவை கூடக் காதுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஊருக்குக் கொண்டுபோக மாத்திரை வாங்க, ஞாயிறு மத்தியானம் கனகலட்சுமி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கதாநாயகி வராந்தாவில் நடந்து வந்தாள். பின்னால் அதே வரிசை.

ஜன்னலோரம் கடைசியில் இருந்தவளுக்கு நீள முடி இல்லை.

குட்டை முடி.

வலது கை, இடது காது மடலைப் பிடித்திருந்தது.

"வல்லி!"

கனகலட்சுமி டிவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே அந்த முகம் மெல்ல நிமிர்ந்தது. உதடு அசைந்தது. கதாநாயகியின் வசனம்தான் கேட்டது. ஆனால் அந்த உதடு என்ன சொன்னது என்று புரிய அக்காவுக்குச் சத்தம் தேவையில்லை.

முன்வரிசையில் சுந்தரம்மாள் என்ற கிழவி வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தாள். "ஒன் தங்கச்சியா? புதுசா வந்திருக்கு. ராத்திரியெல்லாம் அழுவுது" என்றாள்.

ரமீஜா ஓடிவந்து டிவியை அணைத்தாள். கனகலட்சுமி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியளாக்கா? ஜன்னல் ஓரத்துல பாத்தியளா?"

"அந்த எடம் வந்தா நான் கண்ண மூடிக்கிடுவேன் கனகு" என்றாள் ரமீஜா. "அந்தக் காலத்துல இங்க இருந்தவுகளையே உக்கார வச்சுத்தான் எடுத்தாகளாம். ஒருத்திக்கு முடி அழகா இருக்குன்னு வெட்டாம விடச் சொல்லி, பூவும் வச்சு உக்கார வச்சிருக்காக. படம் முடியவும் கூட்டிட்டுப் போறேன்னு போன அவ அண்ணன் திரும்பவே இல்ல. அந்த ஜன்னல்ட்டயே இருந்து செத்துப்போனா. இதப் போயி நான் யார்ட்டச் சொல்ல? சொன்னா என்னையும் ஒரு பச்ச நைட்டியப் போட்டு உக்கார வச்சிருவாக."

வீட்டுக்கு வந்தபோது வேல்பாண்டி பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "டாக்டரு தெய்வம் மைனி. பழைய வல்லிய விட நல்லாவே ஆக்கி அனுப்பிட்டாரு" என்றான்.

கனகலட்சுமி வாயைத் திறந்தாள். அடுக்களையிலிருந்து அவள் வந்தாள். காதருகே குனிந்தாள், செண்பக வாசம் மூச்சை அடைத்தது.

"பாத்துட்டியளோ?"

கனகலட்சுமி வேல்பாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. டிவிக்குள்ள எந் தங்கச்சி இருக்கான்னு அவியட்டச் சொல்லுங்க. பொறவு ஒங்கள எங்க கொண்டு விடுவாகன்னு தெரியும்ல." அதில் மிரட்டல் இல்லை. பாவம் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். "நான் அவியளையும் பிள்ளையையும் நல்லாப் பாத்துக்கிடுவேன். எம்புட்டு நாளு உக்காந்திருந்தேன். எனக்குப் படம் முடிஞ்சிருச்சு அக்கா."

மறுநாள் ரயில் கிளம்பும்போது கோதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவைக் கூப்பிட்டு அழுதது. பிளாட்பாரத்தில் இருந்தவர்கள், பிள்ளைக்குப் பெரியம்மா மேல் எம்புட்டுப் பாசம் என்று மெச்சினார்கள்.

இப்போது மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் கனகலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். படம் பார்க்க வருகிறவளை யாரும் தடுப்பதில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வராந்தா வரும்வரை காத்திருப்பாள். ஒரு நிமிஷம் கூட வராத காட்சி. தங்கச்சியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

போன ஞாயிறு, அந்தக் காட்சி வந்தபோது ஜன்னலோரத்தில் இருந்தவளின் கை காதில் இல்லை. அக்காவை நேராகப் பார்த்தாள். சிரித்தாள். துணிப்பையோடு முன்வரிசையில் இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

செண்பக வாசம் வந்தது.

கனகலட்சுமி பக்கத்தில் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு பூ, நனைந்து கிடந்தது. கையில் எடுத்தாள். காம்பில் ஒரு முடி சுற்றியிருந்தது, விரல் நீளம் கூட இல்லாத குட்டை முடி.

ரமீஜா வாசலிலிருந்து, "கனகு, என்ன அது கையில? கீழ போடு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி சூடிய பூவைக் கீழே போட மாட்டாள். கனகலட்சுமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொண்டையிலிருந்து சிலைடைக் கழற்றினாள்.