பெயர் எழுதாத பெட்டி

வீட்டு வைஃபையில் இரண்டு கருவிகள் இணைந்திருப்பதாகக் காட்டியது. வீட்டில் இருந்தது ஒன்றுதான், குவோ-ஷெங்கின் கையிலிருந்த போன். இரண்டாவதற்குப் பெயர் இல்லை. மாலை ஆறு பத்துக்கு உள்ளே வந்திருந்தது.

ஆறு பத்து அவன் மனைவி பெய்-லிங் வேலை முடிந்து திரும்பும் நேரம். அவள் ஸ்கூட்டர் மழையில் சறுக்கி நான்கு மாதம் ஆகிறது.

கீலுங் ஊரில் அன்றும் மழை. ஜன்னல் கம்பிகளில் வழிந்து, கீழ்வீட்டுத் தகரத்தில் விழுந்து, துறைமுகத்தின் எண்ணெய் வாடையையும், இறந்தவர்கள் திரும்பி வரும் ஏழாம் மாதம் என்று தெருவெல்லாம் எரித்த காகிதப் பணத்தின் சாம்பல் வாடையையும் நான்காவது மாடிவரை தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கு நடுவே, படிக்கட்டில், யாரோ குடையை உதறும் சத்தம். இரண்டு தரம். அவள் எப்போதும் இரண்டு தரம்தான் உதறுவாள். கதவைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை. மிதியடியின் மேல் மட்டும் தண்ணீர் சொட்டியிருந்தது.

இறந்தவர்களுக்கான படையல் முந்தின நாள்தான் முடிந்தது. அதற்காக மாமியார் அவனைக் காகிதச் சாமான் கடைக்கு அனுப்பியிருந்தார். போனவர்களுக்கு எரித்து அனுப்ப வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். வீடு, கார், போன், எல்லாம் காகிதத்தில்.

"போன் மட்டும் போதுமா தம்பி?" என்றாள் கடைக்கார வூ அக்கா. "அங்க போயி நெட்டுக்கு யார் வீட்டு வாசல்ல நிப்பா அவ? இந்தா, ரூட்டர். நாலு ஆன்டெனா. என் வீட்டு ரூட்டருக்கே ரெண்டுதான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் பேனாவை நீட்டினாள்.

"எரிக்கறதுக்கு முன்னாடி அவ பேரு மேல எழுதிடு. பேரு இல்லாத சாமானை வழியில நிக்கற நல்ல அண்ணன்மாருங்க அள்ளிட்டுப் போயிடுவாங்க."

கேட்பாரற்றுச் செத்தவர்களை அந்த ஊரில் யாரும் பேய் என்று சொல்வதில்லை. நல்ல அண்ணன்மார் என்பார்கள். அந்த மாதம் முழுக்க அவர்கள் தெருவில்தான் இருப்பார்கள்.

மருத்துவமனைப் படிவத்துக்குப் பிறகு அவன் அவள் பெயரை எங்கும் எழுதியதில்லை. மொட்டைமாடியில், எரியும் தொட்டிக்கு முன்னால் நின்றும் கை வரவில்லை. பெயருக்குப் பதில் அந்தக் காகிதப் பெட்டிமேல் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை எழுதினான். அவளே வைத்த கடவுச்சொல். பார்த்தால் தெரிந்துகொள்வாள்.

அந்த விஷயத்தில் அவள் கண்டிப்பு. ரூட்டர் வாங்கின அன்று அவன் தன் பிறந்தநாளைக் கடவுச்சொல்லாக அடித்தான்.

"வை, வை. வர்ற திருடன் கேக்கும் வாங்கிட்டு வருவான்" என்றாள். பிறகு இருபது எழுத்தில் ஒன்றை அவளே வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தனி இணைப்பு. பெற்ற தாய்க்கும் அதுதான். யார் எந்தக் கடவுச்சொல்லை அடித்தாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவன் அடித்தாலும்.

"நான் உன் புருஷன்டி."

"அதனாலதான். நாளைக்கு ஏதாவது காணாம போனா முதல்ல என்னையத்தான் கேப்ப."

இப்போது அந்தப் பெயரில்லாத வரியைத் தொட்டான். 'பெயர் மாற்று' என்றது. பெய்-லிங் என்று அடித்தான். நான்கு மாதத்தில் முதல் முறை.

மறுநாள் ஆறு பத்துக்கு அந்தப் பெயர் பச்சையாயிற்று. சிக்னலின் வலு ஒரு கோடு, வாசலில் நிற்கிறாள். அதற்கடுத்த நாள் இரண்டு கோடு. மூன்றாம் நாள் கோடுகள் முழுக்க நிறைந்தன. சோபாவில் அவள் உட்காரும் பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று இருந்தது. நூடுல்ஸை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினான். பல நாளைக்குப் பிறகு பசித்தது.

நான்காம் நாள் பட்டியலில் ஐந்து இருந்தன. மூன்றுக்குப் பெயரில்லை.

ஐந்தாம் நாள் வாடை மாறியது. மழை வாடை இல்லை. கடலில் வெகுநாள் ஊறிய துணியின் வாடை. கூடத்துத் தரையில் ஈரக் கால் தடங்கள், வெறுங்கால்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எல்லாம் உள்நோக்கி. பட்டியலில் பதினான்கு. அவன், அவள், பெயரில்லாத பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கோடுகள் நிறைந்திருந்தன.

போன் அடித்தது. மாமியார்.

"ஆ-ஷெங், சாப்டியா?"

"சாப்டேம்மா."

"வீட்ல யாரு வந்திருக்கா? பின்னாடி ஒரே கூட்டமா கேக்குதே."

அவனுக்கு மழை மட்டும்தான் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னான்.

"பேரு எழுதலையா நீ?"

"கை வரலம்மா."

"பாஸ்வேர்ட மாத்து. இப்பவே."

"அவளும் உள்ளதாம்மா இருக்கா. மாத்தினா அவளும் வெளிய போயிடுவா."



"பெத்தவ நான் சொல்றேன், மாத்து. நாளைக்கே வேற பெட்டி வாங்கி, புதுசா வச்சதை அவ பேரோட எழுதி எரிச்சிடுவோம். அவ மட்டும் வருவா. ஒரு ராத்திரிதானே, பொறுத்துப்பா."

ஒரு ராத்திரி. போனை வைத்துவிட்டு, பக்கத்து மெத்தையைப் பார்க்காமலே பெய்-லிங்கிடம் சொன்னான். "நாளைக்குக் கூப்பிட்டுக்கறேன்."

புதிய கடவுச்சொல் என்ற கட்டத்தைத் திறந்தான். யாருக்கும் தெரியாத ஒன்று வேண்டும். இருபது எழுத்து. ஒவ்வொன்றாக அடித்தான். பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ச்சி. உப்பு வாடை. மறுபடி அடிக்கச் சொன்னது. அடித்தான்.

பச்சை எல்லாம் சாம்பல் நிறமாயின.

கால் தடங்கள் உலர்ந்தன. மெத்தை எழும்பியது. அவனுடைய போனின் இணைப்பும் அறுந்திருந்தது. கடவுச்சொல்லை மூன்றாம் முறை அடித்தான்.

ஒன்று.

மூச்சு விட்டான்.

இரண்டு.

மூன்று. ஐந்து. ஒன்பது.

பதின்மூன்று.

அத்தனை பேரும் அவன் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள்.

ஒரு வரி மட்டும் சாம்பலாகவே இருந்தது. பெய்-லிங். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்திருப்பாள்.

கதவுக்கு வெளியே குடை உதறும் சத்தம்.

இரண்டு தரம்.

எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டு தோளிலும் ஈரமான கைகள். பிறகு வாய்மேல். பிறகு முழங்கால்மேல்.

வெளியே அவள் பொறுமையாக மறுபடியும் குடையை உதறினாள்.