நலத்தொகையில் ஒருத்தி

"இடது குதிகால் தரையில படுறதுக்கு அரைக் கண்சிமிட்டு முன்னாடி மூச்சைப் பிடிங்க. பிடிக்கிறது வெளிய தெரியக்கூடாது. பட்டதும் விட்டுருங்க. எங்க, இன்னொரு தடவ!"

மாதரசி டீச்சர் கைதட்டித் தாளம் போட, கோவில்பட்டி மாடி வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் வரிசையாக நடந்தார்கள். மணி காலை ஆறு. கணுக்கால் பிசகிய கைப்பந்து வீரர் ஒருவர் நடந்தார். தேய்ந்த முட்டியோடு ஐம்பத்தைந்து வயதில் மாரத்தான் ஓடியே தீருவேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த சங்கரபாண்டி அண்ணாச்சி நடந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஹாக்கிப் பெண்களும் நடந்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள்தான் அதிகம் பயந்தார்கள். பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் டியூசன் போகாமல் இருக்க நம் ஊரில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

மாதரசிக்கு அன்று கைதான் தாளம் போட்டது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடு வகுப்பில் இரண்டு முறை படியிறங்கிப் போய்த் தங்கை தளிர் கிளம்பிவிட்டாளா என்று பார்த்து வந்தாள். தளிருக்கு இருபத்தோரு வயது நிரம்பிவிட்டது. இதுவரை மைதானத்தில் இறங்கக் காட்டிவந்த பள்ளிச் சான்றின் காலம் முடிந்துவிட்டது. அன்று மதியம் திருநெல்வேலியில் விளையாட்டு மருத்துவர் முன்னால் அவள் முதன்முறையாக நடந்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அவர் தரும் நலச்சீட்டு போய்ச் சேர்ந்தால் மாநில மகளிர் ஹாக்கி அணியில் இடம். சேராவிட்டால் வேறொருத்தி.

அந்தத் தளிர்தான் கோவில்பட்டியிலேயே டியூசன் போகாத ஒரே ஆள். ஆறு வயதிலிருந்து தலைக்கு மேல் நாற்பது பேர் "மூச்சைப் பிடி, விடு" என்று நடப்பதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தப் பாடத்தின் மேலேயே வெறுப்பு. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் கேலி செய்தது. "எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையேக்கா, எதுக்கு நடிக்கணும்?" என்பாள் அவள்.

ஆரம்பத்தில் மாதரசியும் நடிப்பெல்லாம் சொல்லித் தரவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து, எங்கே வலி என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பரிதாபப்பட்டு ஒரு பக்கத் துண்டறிக்கை போட்டாள். தலைப்பு, 'விளையாட்டு மருத்துவரிடம் போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை'. பழைய ஸ்கேன் படங்களை எடுத்துப் போங்கள். விளையாடும்போது போடும் ஷூவையே கொண்டு போங்கள். முழங்கால் தெரியும்படி உடுத்துங்கள். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகாதீர்கள். வலி எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்காதீர்கள். அவ்வளவுதான் இருந்தது அதில்.

அதற்கு அடுத்த வருடம் நடைமானி வந்தது. பன்னிரண்டடிப் பாதை, சுவருக்கு இரண்டாக நான்கு கேமராக் கண்கள். நடந்து, உட்கார்ந்து எழுந்து, ஒரு குதி குதித்தால் போதும், எலும்பு முதல் மூச்சு வரை படித்துவிடும். ஆரோக்கியம் என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேறியவர்களின் நடையையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவரை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தச் சேமிப்புக்கு நலத்தொகை என்று பெயர், தென்மாவட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்றுதான். தேறினால் உங்கள் நடையும் தொகையில் சேர்ந்துவிடும். நல்லவர்களைப் பார்த்து நல்லதைக் கற்கும் கருவி என்று அரசாணை அதை வாயாரப் புகழ்ந்தது. நலச்சீட்டு இல்லாமல் யாரும் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்ற சட்டமும் கூடவே வந்தது.

அன்றிலிருந்து வலியைப் போக்கிக்கொள்ள யாரும் மருத்துவரிடம் போகவில்லை. சீட்டு வாங்கப் போனார்கள். வாசலில் நிற்கும் காவல்காரனிடம் மூட்டைக்குள் இருப்பதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? மாதரசியின் துண்டறிக்கையும் காலத்தோடு சேர்ந்து மாறியது. வலிக்கும் கால் தரையில் படும்போது உடம்பு லேசாகத் துணுக்குறும், மூச்சைப் பிடித்துக்கொண்டால் அந்தத் துணுக்குறல் அடங்கிவிடும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கைடு ஆனது. மாதிரி வினாக்கள், சென்ற ஆண்டு வினாக்கள் எல்லாம் உண்டு. மற்ற ஊர் டியூசன்காரர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துப் பாடம் நடத்தினார்கள். 'எதையும் மறைக்காதீர்கள்' என்ற வரி எந்தப் பதிப்பில் காணாமல் போனது என்று அவளுக்கே நினைவில்லை.

மதியம் இரண்டரை மணிக்குத் தளிர் நடைமானிப் பாதையில் நடந்தாள். மாதரசி கண்ணாடிக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்பெழுத்து வந்தது: மறைகாயம்.

டாக்டர் ஜெபமணி முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர். முகத்தைச் சுளிக்காமல் இருவரையும் உட்கார வைத்தார்.

"எதையோ மறைக்கிறாங்கன்னு கருவி சொல்லுது. எந்தக் கால்மா?"

"எந்தக் காலும் இல்ல டாக்டர்," என்றாள் தளிர்.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பதினோராயிரத்து நானூற்றாறு பேருடைய நடை ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே தடித்த கோடாக ஓடியது. தளிரின் கோடு மட்டும் ஓரிடத்தில் விலகிப் போயிற்று.

"இங்க பாருங்க. ஆரோக்கியமா இருக்கிற எல்லாரும் இடது குதிகால் படுறதுக்கு முன்னாடி மூச்சை ஒரு துளி நிறுத்துவாங்க. இவங்க நிறுத்தல. அப்ப உள்ள ஏதோ கோளாறு இருக்கு."

மாதரசி திரையருகே குனிந்தாள். "நிறுத்துவாங்களா? எல்லாருமா?"

"இயற்கையே அப்படித்தாங்க. எங்க பாடப்புத்தகத்துலயே ரெண்டாம் பதிப்புலேர்ந்து இருக்கு. ஆதிமனுசன் காட்டுல பாம்பை மிதிச்சிராம இருக்கிறதுக்காக வந்த பழக்கம்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைகூட உண்டு."

கட்டுரை வேறா! பாம்புமில்லை பல்லியுமில்லை. அது மாதரசியின் நான்காம் பாடம்.

"இன்னொரு தடவ நடக்கலாம்," என்றார் டாக்டர். "ஆனா ரெண்டாவது தடவையும் மறைகாயம்னு வந்துட்டா ஒரு வருசம் தடை. யோசிச்சுக்கோங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

வெளி வராந்தாவில் மாதரசி தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். "ஒரு மணி நேரம் போதும்டி. இடது குதிகால் படுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடி."

"இல்லாத நோவை மறைக்கச் சொல்லுத!"

"ஆமா. நட."

தளிர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஓர் அடி. இரண்டு. மூன்றாவது அடியில் இடுப்பு இறுகியது. நான்காவதில் தோள் ஒரு பக்கம் ஏறியது. பந்தைத் தடியில் ஒட்டவைத்தாற்போல் கொண்டு ஐந்து பேரைக் கடந்து போகும் பெண் அவள். மாடியில் நடக்கும் நாற்பத்திரண்டு பேரில் இப்போது அவளும் ஒருத்தி. இத்தனை வருடம் பிறர் பிள்ளைகளைத்தானே இப்படி ஆக்கினோம், அதனால்தான் கண்ணில் படவில்லை என்று மாதரசிக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"வேண்டாம், நிறுத்து," என்றாள். "நான் உள்ள போய்ச் சொல்லிருதேன்."

"என்னத்தச் சொல்லுவ? உன் பொழப்பே போயிரும்க்கா."

"போகட்டும்."

வேலியில் போகும் ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தே கதவைத் தள்ளினாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எந்த வருசத்துலேர்ந்து சொல்லிக் குடுக்கீங்க?"

"நடைமானி வந்த வருசத்துலேர்ந்து."

அவர் நேர்மையானவர். கருவியில் பதிவு செய்தார்: மூச்சு நிறுத்தம், கற்பித்த அசைவு. அது உள்ளவர்களைத் தொகையிலிருந்து நீக்கு. திரையில் எண் இறங்கத் தொடங்கியது. ஒன்பதாயிரம். நாலாயிரம். இருநூற்றுப் பதினாலு. மூன்று. சுழி.

"டியூசன் வராத ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?"

"வராதவங்க கைடை வாங்கிப் படிச்சிருப்பாங்க டாக்டர்."

"நானும் படிச்சிருக்கேன்," என்றார் ஜெபமணி மெதுவாக. "காலேஜ் பேட்மிண்டன் டீமுக்கு."

தொகை காலியாக இருந்தால் மருத்துவர் கையால் பரிசோதித்து முதல் ஆளைச் சேர்க்கலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அவர் தளிரின் முன் குனிந்து முழங்காலில் கை வைத்தார். அவர் படித்து முடித்து வந்த நாளிலிருந்து ஒரு முழங்காலையும் தொட்டதில்லை.

"இங்க அமுக்கினா வலிக்குதா?"

"இல்ல."

"நெசமாவா?"

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிருவேன் டாக்டர். சரி பண்ணத்தான நீங்க இருக்கீங்க?"

இப்படி ஒரு பதிலை அவர் பணிக்காலத்தில் கேட்டதில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மாதரசியைப் பார்த்தார்.

"அவ ஷூவைத் திருப்பிப் பாருங்க டாக்டர்," என்றாள் மாதரசி. "அடிப்பக்கம் எந்த ஓரம் தேஞ்சிருக்குன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருந்தா ரெண்டு காலுக்கும் ஒரே பாரம்தான் போகுது. ஒத்தைக் கால்ல நிக்கச் சொல்லிப் பாருங்க. போன வருசம் எடுத்த ஸ்கேனும் கொண்டாந்திருக்கேன்."

நாலே முக்காலுக்குக் கையெழுத்து விழுந்தது. தளிர் முழு நலம். நலத்தொகையின் மொத்த எண்ணிக்கை: ஒன்று.

பேருந்தில் ஏறியதும் தளிர் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மாதரசிக்குச் சந்தோசமாகவும் இருந்தது, மடியில் அந்த ஓணான் ஊர்ந்துகொண்டும் இருந்தது. பேருந்து கயத்தாறைத் தாண்டும்போது கைபேசி அலறத் தொடங்கியது. நடைமானி இப்போது யாரை எதோடு ஒப்பிடுகிறது? தளிரோடு. தளிரைப் போல நடக்காத எல்லாரும் மறைகாயம். தொகையை விட்டு நீங்கியவர்களின் சீட்டும் கூடவே போய்விடும், அதனால் தென்மாவட்டங்களில் அத்தனை நலச்சீட்டுகளும் செல்லாது. மாநில அணியின் பதினோரு பெண்களும் இந்தத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான். அணிப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

பயிற்சியாளர் கூப்பிட்டார். "உன் தங்கச்சிக்கு இடம் உறுதிம்மா. ஆனா பந்தை யாருக்குத் தள்ளிவிடுவா? கோல்கீப்பர்கூடக் கிடையாதே."

விடிந்ததும் வாசலில் கூட்டம். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மாதரசி கதவைத் திறக்கவே தயங்கினாள். திறந்தால் ஒருவர் முகத்திலும் கோபமில்லை. கைபேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அளவு நாடாவோடுகூடச் சிலர் வந்திருந்தார்கள்.

"டீச்சர், புது சிலபஸ் எப்ப ஆரம்பிக்கீங்க?" என்றார் சங்கரபாண்டி அண்ணாச்சி.

"அண்ணாச்சி, உங்க முட்டிக்கு முதல்ல வைத்தியம் பாருங்க!"

"அது கெடக்கட்டும்மா. ஒம்பது நாள்ல மறுபரிசோதனை வச்சிருக்கான். தளிர் பாப்பா எப்படி நடக்குதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துரு."

அணித்தலைவி ரெபேக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தளிரிடம் வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "ஒரே ஒரு தடவ நடந்து காட்டு தளிர். பத்து பேரும் பிடிச்சுக்கிடுதோம். இல்லன்னா டீமே கிடையாது. நீயும் ஆட முடியாது, நாங்களும் ஆட முடியாது. திங்கக்கிழமை பயிற்சி முகாம் வாசல்ல வைக்கிற நடைமானியில நீயும் இதே மாதிரி நடந்து காட்டணும், தெரியும்ல?"

தளிர் அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல மாதரசி வாயெடுத்தாள். பத்துப் பெண்களின் முகத்தைப் பார்த்தாள், தங்கைக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

தெருவில் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தனை கைபேசிகளும் தளிரின் காலைப் பார்த்துத் தாழ்ந்தன. தளிர் வலது காலை வைத்தாள். சரியாகத்தான் வைத்தோமா என்று குனிந்து பார்த்தாள். இடது காலை வைத்தாள். கை எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாமல் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டாள். மறுபடி வலது கால். அதற்குப் பின் இடது கால் தரையை விட்டு எழும்பியது, அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"அக்கா," என்றாள், அழப்போகிற குரலில். "நான் இதுக்கு அப்புறம் என்ன செய்வேன்? குதிகாலை முதல்ல வைப்பேனா, விரலை வைப்பேனா? மூச்சு விடுவேனா?"

பதினோராயிரம் பேருக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் ரெபேக்காவும் ஒன்பது பெண்களும் அண்ணாச்சியும் மற்ற எல்லாரும் இடது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தளிர் அடுத்து என்ன செய்கிறாள் என்று அசையாமல் பார்த்து நின்றார்கள்.