கடிபட்டவளுக்கு மட்டும் ஊசி

மின்விசிறி ஓடவில்லை. வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது அவளுக்கு உறுத்தியது. குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கரண்ட் இருந்தது நிச்சயம். உட்கார்ந்த இடத்திலேயே முதுகு நனைகிற புழுக்கம். மழைநாளில்கூட விசிறியை முழு வேகத்தில் வைத்து அதற்கு நேர் கீழே படுக்கிற அவள் கணவன், சன்னலைச் சாத்தி, சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, ஃபேன போடலாமில்ல?"

"வேணாம். காத்து பட்டா ஒரு மாதிரி இருக்கு."

காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்றபடியே சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு வந்தவளுக்கு அதற்குமேல் நினைக்கத் தெம்பில்லை. பயப்பட வேண்டியதை எல்லாம் இந்த இரண்டு மாதத்தில் பயந்து முடித்துவிட்டதாக நம்பியிருந்தாள்.

அவர்கள் வளர்த்த நாய்க்கு முதலாளி என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை மேற்பார்வை பார்த்ததால் வந்த பெயர் அது. தெருவுக்கே போகாத நாய்க்கு எதற்குத் தடுப்பூசி என்று அவன் தள்ளிப்போட்டான், அவளும் விட்டுவிட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சோறு வைத்தும் வராமல் அது கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. வெளியே இழுக்கப்போனவளின் முன்கையில் பல்லை இறக்கியது.

அதன்பிறகு அவர்கள் எதிலும் குறை வைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கை மரத்துப்போகும்வரை கழுவினாள். காயத்தைச் சுற்றிக் குத்திய ஊசி, பிறகு தோளில் தவணை தவணையாகப் போட்ட ஊசி, ஒன்றையும் விடவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்ததை வரிசையில் நின்று நின்று மனப்பாடமே செய்துவிட்டாள். முதலாளி அதே வாரம் எச்சில் ஒழுகிச் செத்தது. அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கணவனும் மகளும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். "ஒழுங்காத்தான் இறங்குது, போய் வேலையப் பாருங்க" என்று சலித்துக்கொள்வாள்.

சமையலறையில் காலையில் அவள் நிரப்பி மூடிவைத்த குடம் அப்படியே இருந்தது. கழுத்துவரை தண்ணீர். அவன் வேலைக்குப் போகாமல் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறான். குளியலறைத் தரையும் காய்ந்து கிடந்தது, கொடியில் துண்டும் காய்ந்து விறைத்திருந்தது, ஆனால் வீடு முழுக்கப் புளித்த வியர்வை நாற்றம் நகராமல் நின்றது.

அரிசி களையக் குழாயைத் திறந்தாள். அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மீன்முள் தொண்டையில் சிக்கியவன் விழுங்கப் பார்ப்பதுபோல, பாதியில் நின்று போன சத்தம். குழாயை மூடினாள். சத்தம் நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடி வந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்தக் குழாய மூடு."

அவள் ஈரக்கையோடு கதவருகே போய் நின்றாள். அவன் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தான். தோல் சிவந்து வழன்றிருந்தது. அப்படியும் விடாமல் தேய்த்தான்.

"ரெண்டு மூணு நாளா ஊருது. எறும்பு ஓடுற மாதிரி. சிமெண்டு ஒத்துக்கல போல."

அவன் கொத்தனார். சிமெண்டு தின்ற விரல்கள், கணுவுக்குக் கணு வெடிப்பு, வெடிப்புக்குள் எப்போதும் ஒரு கோடு ரத்தம். அவள் அந்த விரல்களையே பார்த்தாள். அவளைக் கடித்ததற்கு முந்தின நாள், முதலாளிக்குத் தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அந்த விரல்களைத்தான் அவன் அதன் வாய்க்குள் விட்டுத் துழாவினான். மணிக்கட்டுவரை நுரை. லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

அவளுக்கு முதல் ஊசி போட்ட அன்று நர்ஸ் கேட்கத்தான் செய்தாள். "வேற யாருக்காவது கடி, கீறல் உண்டா? புண்ணுல எச்சில் பட்டுச்சா?"

"இல்ல சிஸ்டர், இவளுக்கு மட்டும்தான்" என்றான் அவன். பொய் சொல்லவில்லை. கொத்தனார் கையில் இருப்பதை யாரும் புண் என்று சொல்வதில்லை. அது கை, அவ்வளவுதான். அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தோன்றவில்லை.

கதவருகே நின்றபடி அவள் அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். தேய்ப்பது நின்றது.

"அப்படியெல்லாம் இருக்காது" என்றான்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"தண்ணி கொண்டா. குடிச்சுக் காட்டுறேன்."

அவள் அசையவில்லை. டியூஷன் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த மகள் பையைக் கீழே போட்டாள். "நான் தரேன்ப்பா" என்று குடத்தில் மொண்டு டம்ளரை நீட்டினாள். அம்மா தடுக்க நினைத்தாள். தடுக்கவில்லை.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். மெதுவாக உயர்த்தினான். உதட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை.

கழுத்து பின்னால் வெட்டி இழுத்தது. நரம்புகள் கயிறாகப் புடைத்தன. டம்ளர் சுவரில் மோதியது. தாடை ஒரு பக்கமாகக் கோணியது, தொண்டையிலிருந்து மனிதச் சத்தம் அல்லாத ஒன்று வந்தது.

மகள் சிரித்தாள். கடிபடாத அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வாயோரம் எச்சில் இறங்க, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் ஓடிப்போய் டம்ளரைப் பொறுக்கினாள். மறுபடி குடத்தில் முக்கி, ததும்பத் ததும்பக் கொண்டுவந்தாள்.

"இன்னொரு தடவ செய்ங்கப்பா."

இரண்டு கைகளையும் அவன் மெல்ல நீட்டினான்.