காலி கேன் வண்டி

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் நேராகச் சொல்வதில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டால் சும்மா என்பார்கள். சும்மாவுக்கா டீசல் ஊற்றுகிறார்கள்? ரோட்டோரம் உட்கார்ந்து வண்டிக் கணக்கு எடுக்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. கணக்கு முடிந்தால் ரோடு பெரிசாகும், என் பஞ்சர் கடை சின்னதாகும்.

ஆனாலும் எழிலரசிக்கு என் கடையோரம் இடம் கொடுத்தேன். வந்த அன்றைக்கே என் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்து, எது காலை, எது சாயங்காலம் என்று மாத்திரையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தவள். பெற்றதுகள் செய்யாதது. அந்த நன்றிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு அது முதல் வேலை. அடி அண்ணாமலையில் என் கடையோரம் இவள், ரமணாசிரமம் பக்கம் இன்னொரு ஆள். இரண்டு பேரும் போகிற வண்டிகளின் நம்பரை எழுத வேண்டும். இரண்டு தாளையும் ஒத்துப் பார்த்தால் எந்த வண்டி எதுவரை போகிறது என்று தெரிந்துவிடுமாம்.

முதல் நாள் நல்ல மழை. தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்க, அவள் தாளெல்லாம் சேறு. நிமிர்ந்தாள்... மழை விட்ட பிறகும் சொட்டுகிற இலை மாதிரி இருந்தன அந்தக் கண்கள். ஓட்டி வந்த புகழேந்தி திட்டு வாங்கத் தயாராக இறங்கி நின்றான். அவள் திட்டவில்லை.

"நம்பர் பிளேட்டு பூரா சேறு... தொடச்சிட்டுப் போங்க. எழுதணும்."

சட்டைக் கையாலேயே துடைத்தான். பயல் விழுந்தது அங்கேதான்.

மறுநாள் காலை டீ வாங்கி வந்து நீட்டினான். ரோட்டில் போகிறவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உங்களுக்காக யாருங்க வந்தா? எனக்கு லோடு ஜாஸ்தி" என்று ஏறிப் போனான்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பாமலே போனான், வந்தான்... போனான், வந்தான். பார்க்காமல் போகிறவன் இங்கே வந்ததும் ஏன் வேகத்தைக் குறைக்கிறான் என்று எழிலரசி யோசித்தாளாம். யோசித்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் 4417 என்று எழுதினாள். எனக்கு அப்போதே தெரியும். நிறைந்த கேன் சத்தம் போடாது. அவன் வண்டி லொடலொடவென்று போனது.

மூன்றாம் நாள் மேற்பார்வை பார்க்கும் அருண்பிரசாத் இரண்டு தாளோடு வந்தார்.

"நேத்து 4417 வண்டி ரமணாசிரமம் தாள்ல நாலு தடவை. உன் தாள்ல இருபத்து நாலு. கைக்கு வந்தத எழுதினியாம்மா?"

போனதைத்தான் எழுதினேன் என்றாள். அவள் தாளைக் கிழிக்க எடுத்தபடியே வீட்டுக்குப் போகச் சொன்னார், இனி எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டோம் என்றும் சொன்னார். நானும் பார்த்தேன் என்றேன். தேய்ந்த டயரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் லொடலொடச் சத்தம் கேட்டது.

அருண்பிரசாத் கை காட்டி நிறுத்தி, நேற்று எத்தனை தடவை இந்தப் பக்கம் வந்தாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ரோஷம் போகும். முதலாளி காதுக்குப் போனால் வண்டியும் போகும். புகழேந்தி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நாளாகத் திரும்பாத தலை அது.

"அவங்க எழுதினது சரிதாங்க சார். லோடுக்குப் போக வர நாலு தடவைதான். மத்ததெல்லாம் அந்த வளைவு வரைக்கும் போய்த் திரும்பிட்டேன்."

"எதுக்குப்பா?"

"நம்பர் எழுதுறதுக்கு ஒவ்வொரு தடவையும் நிமிந்து பாப்பாங்க சார்... அதுக்குத்தான்."

மறுபடி மழை தூற ஆரம்பித்தது. அருண்பிரசாத் கிழிக்க எடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே போனாள்.

"ரொம்ப நன்றிங்க. நாளைக்கு வேட்டவலம் ரோட்டுல உக்காருவேன்... ஒரே ஒரு தடவை வாங்க, போதும். டீ ரெண்டா வாங்கிட்டு வாங்க."

அவன் தலையாட்டியதில் கண்ணாடியில் இடித்துக்கொண்டான். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். நான் என்ன செய்துவிட்டேன்?

அந்தத் தாளில் இருபது தடவை காலி கேன்தான் போயிருக்கிறது. அதை நம்பி ரோடு போடப் போகிறார்களாம். நாளைக்கு டீயோடு வருவானா, அதையும் பார்த்த பிறகுதான் நம்புவேன். மாத்திரை நேரம் ஆகியிருந்தது. அவள் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை மடியில் தடவிக்கொண்டே நடந்தேன்.